தலையில் வடிகட்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலையில் ஸ்பாகெட்டி (இத்தாலிய நூடுல்ஸ்) வடிகட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்துக்கொண்ட ஆள், கடற்கொள்ளையர் வேடத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி என்று அவ்வப்போது துணுக்குச் செய்தி வரும், 'விநோதம்' என்ற தலைப்போடு பக்கத்தின் மூலையில். நானும் படித்துச் சிரித்தவன்தான். ஆனால் அந்த வடிகட்டி எதற்கு என்று நான் பார்த்த எந்தத் துணுக்கும் சொல்லவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வடிகட்டியும் வேடமும் 'பாஸ்தாஃபாரியனிசம்' என்கிற நையாண்டி மதத்தின் அடையாளங்கள். அந்த மதமே ஒரு கடிதத்தில் பிறந்தது. 2005இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலக் கல்வி வாரியம், உயிரியல் பாடத்தில் பரிணாமத்தோடு சேர்த்து, உயிர்களை அறிவுள்ள யாரோ திட்டமிட்டுப் படைத்தார் என்ற வாதத்துக்கும் இடம் கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பாபி ஹெண்டர்சன் என்ற இயற்பியல் பட்டதாரி வாரியத்துக்கு எழுதினார்: சரி, யாரோ படைத்தார் என்று சொல்லித்தரப் போகிறீர்கள், படைத்தது ஸ்பாகெட்டியும் இறைச்சி உருண்டையுமாகப் பறக்கும் ஓர் உருவம் என்பது எங்கள் நம்பிக்கை, அதற்கும் சமமாகப் பாடவேளை ஒதுக்குங்கள். கடற்கொள்ளையர் குறையக் குறைய பூமியின் வெப்பம் ஏறிவிட்டது என்று ஒரு வரைபடம் வேறு. இரண்டு விஷயம் சேர்ந்தே நடந்தால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் புரியவைத்ததில்லை. (எங்கள் தெருப் பள்ளத்துக்காக நான் எழுதாத கடிதம் இல்லை. பள்ளம் அப்படியே கிடக்கிறது. அவர் ஒரே கடிதத்தில் மதமே நிறுவிவிட்டார்.)

அப்புறம் சடங்குகள் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை புனித நாள். 'ஆமென்' என்று முடிக்க வேண்டிய இடத்தில் நூடுல்ஸ் பெயரைச் சேர்த்து 'ராமென்'. கட்டளைகள் கிடையாது, 'இதைச் செய்யாமலிருந்தால் நன்றாக இருக்கும்' என்கிற தொனியில் எட்டு வேண்டுகோள்கள்தான். முதலில் பத்து இருந்தனவாம், மலையிலிருந்து இறங்கி வரும்போது இரண்டைக் கீழே போட்டுவிட்டார்களாம்!

நியூசிலாந்தில் இவர்களுக்குச் சட்டப்படி திருமணம் நடத்திவைக்கவே அனுமதி கிடைத்தது. 2016 ஏப்ரலில் அகரோவா என்ற ஊரில், படகில் முதல் கல்யாணம். மோதிரம் பாஸ்தாவில் செய்தது. ஸ்பாகெட்டி வேகவைக்குமுன் தண்ணீரில் மறக்காமல் உப்புப் போடுவேன் என்று மாப்பிள்ளை உறுதிமொழி எடுத்தார். கல்யாண முத்தமும் ஒரே நூடுல்ஸை ஆளுக்கொரு முனையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே வந்துதான். கேலிதான், ஆனால் தினம் சமைக்கிற வீட்டில் அந்த உப்பு உறுதிமொழி எத்தனையோ பெரிய வாக்குறுதிகளைவிடக் காப்பாற்றக் கஷ்டமானது.

வடிகட்டிக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில் உரிமப் படத்தில் தலையை மூட மதக் காரணம் இருக்க வேண்டும். நிகோ ஆல்ம் என்பவர், அப்படியானால் என் மதத்துக்கு வடிகட்டிதான் என்று விண்ணப்பித்தார். மனநிலை சரியாக இருக்கிறதா என்று மருத்துவச் சான்று கேட்டார்கள், அதையும் கொடுத்து 2011இல் உரிமத்தை வாங்கிவிட்டார். முகம் முழுதாகத் தெரிந்ததால் கொடுத்தோம், மதத்துக்காக அல்ல என்றது அதிகாரிகள் தரப்பு. நெதர்லாந்திலோ உயர் நிர்வாக நீதிமன்றம் 2018இல், இதில் நையாண்டிதான் இருக்கிறது, மதத்துக்கு வேண்டிய தீவிரம் இல்லை என்று இதே மாதிரி வடிகட்டிப் படத்துக்கு அனுமதி மறுத்துவிட்டது. அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எது தீவிரமான நம்பிக்கை என்று அரசு எந்த அளவுகோலை வைத்து அளக்கிறது? வடிகட்டிக்காரர்கள் கேட்பது அதைத்தான். 'கிறுக்கர்கள்' என்று போட்டுவிட்டால் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது.

கன்சாஸ் வாரியம் 2005 நவம்பரில் பரிணாமத்தைச் சந்தேகிக்கும் பாடவிதிகளை ஏற்றுக்கொண்டது. தேர்தலில் உறுப்பினர்கள் மாறியபின், 2007இல் அவற்றைத் தூக்கிவிட்டார்கள். இதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், அடுத்த முறை படம் போடும்போது கீழே சேர்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு வடிகட்டியை நானும் கவிழ்த்துப் பார்த்தேன், காதுவரை இறங்குகிறது. கீரை அலசணும், எடுத்த இடத்தில் வையுங்கள் என்றாள் மனைவி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்