சராசரி ஆயுள் 17 என்பது யாருடைய வயது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் தொழில் நகரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நெரிசலான குடியிருப்புகள், கழிவுநீர் கலந்த குடிநீர், காலரா எல்லாம் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் மான்செஸ்டர் தொழிலாளியின் சராசரி ஆயுள் 17 என்று ஒரு வரி வருகிறது. அதைப் படிப்பவர்கள், அங்கே உழைத்தவர்கள் மீசை முளைத்த கையோடு செத்துப்போனார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பல ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவன் என்பதால் அந்த வரியை என்னால் கடந்து போக முடியவில்லை.

1842-இல் எட்வின் சாட்விக் என்ற அரசு அதிகாரி, தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் எண் அது. மான்செஸ்டரில் மேல்தட்டுக் குடும்பங்களுக்கு 38, வணிகர் குடும்பங்களுக்கு 20, கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு 17 என்று அவர் கொடுத்தார். இறந்தவர்களின் வயதை எல்லாம் கூட்டித் தலைக்கணக்கால் வகுத்தால் வரும் விடை இது. ஒரு வீட்டில் ஒரு வயதில் இரண்டு குழந்தைகளும் 49 வயதில் அப்பாவும் இறந்திருந்தால் சராசரி 17 வந்துவிடும். அந்த வீட்டில் 17 வயதில் யாருமே இறக்கவில்லை. மான்செஸ்டர் தொழிலாளர் வீடுகளில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அந்தக் கொடுமையைத்தான் 17 காட்டுகிறது. வளர்ந்து வேலைக்குப் போனவர்கள் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் கிடையாது.

அதைத் தெரிந்துகொள்ள வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டும். 1851-இல் 1,35,310 பேர் வாழ்ந்த நகரம். கத்தி, கத்தரிக்கோல், முள்கரண்டி, ரம்பம், அரம் என்று உலகத்துக்கே செய்து அனுப்பிய ஊர். அடித்து வடித்த இரும்பைச் சுழலும் மணற்கல்லில் வைத்துச் சாணை பிடிப்பது ஒரு தனித் தொழில். சாணைக்காரர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே மாதிரியான தெருக்களில் குடியிருந்தவர்கள். ஆனால் சவரக்கத்திக்குச் சாணை பிடித்தவரும் முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவரும் ஒரே வயதில் சாகவில்லை.

அந்த ஊர் மருத்துவர் அர்னால்டு நைட் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். சாப்பாட்டு மேசைக் கத்திகளைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தவர்கள் 40-க்கும் 50-க்கும் நடுவில் இறந்தார்கள். சவரக்கத்தியைப் பாதி ஈரமாகவும் பாதி உலர்வாகவும் தேய்த்தவர்கள் 40-க்கும் 45-க்கும் நடுவில். முள்கரண்டியைத் தண்ணீரே இல்லாமல் தேய்த்தவர்கள் 28-க்கும் 32-க்கும் நடுவில். கல்லும் இரும்பும் பொடியாகப் பறந்து நுரையீரலில் படிந்ததுதான் காரணம். அந்த ஊரில் அதற்குச் சாணைக்காரர் ஆஸ்துமா என்று பெயர். சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் என்று இன்று சொல்கிறோம். 14 வயதில் நல்ல உடல்வாகோடு வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு 20 வயது வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் மேடு ஏறினால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தோளைத் தூக்கி, முன்னால் குனிந்துதான் மூச்சு விடவே முடியும். 36-ஐ நெருங்கிய ஒரு சாணைக்காரர், எங்கள் தொழிலில் இது கிழவனின் வயது என்று சொன்னதை டாக்டர் ஜான் சார்லஸ் ஹால் குறித்து வைத்திருக்கிறார்.

நைட் சொன்ன இன்னொரு செய்தி என்னை மிகவும் உலுக்கியது. சாணைக்காரர்களில் அதிகம் குடித்தவர்களே அதிக நாள் வாழ்ந்தார்களாம். வேலைக்கு மட்டம் போட்ட நாளெல்லாம் தூசியைச் சுவாசிக்காத நாள்! ஏழைகளின் சாவுக்கு அவர்களுடைய ஒழுக்கக் கேடுதான் காரணம் என்று அன்று பலர் பேசினார்கள். ஷெஃபீல்டின் பட்டறைகள் அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்லின.

தூசியைத் தடுக்க வழி இல்லாமலும் இல்லை. கல்லைச் சுற்றிப் பெட்டி கட்டி, காற்றாடி வைத்துத் தூசியை வெளியே இழுத்துத் தள்ளும் முறை அப்போதே வந்துவிட்டது. பலர் அதை வைத்துக்கொள்ள மறுத்தார்கள். தொழிலில் ஏற்கெனவே ஆள் அதிகம், எல்லோரும் நீண்ட நாள் வாழ்ந்தால் கூலி இன்னும் இறங்கிவிடும் என்று பயந்தார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. பல சாணைக்காரர்கள் வாடகைக்கு எடுத்த இடத்தில் உட்கார்ந்து, துண்டுக் கணக்கில் கூலி வாங்கியவர்கள். காற்றாடிச் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். கூலி இறங்கினால் குடும்பம் இன்றைக்கே பட்டினி, தூசியால் வரும் சாவு பத்து வருடம் கழித்து. 1867-இல் வந்த சட்டம்தான் காற்றாடி வைக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கொடுத்தது.

நாடு முழுவதற்குமான கணக்கு, 1837-இல் தொடங்கிய இறப்புப் பதிவில் வயதும் தொழிலும் எழுதப்பட்டதால் கிடைத்தது. பதிவு அலுவலகப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் இந்தப் பதிவை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டார். ஒரு தொழிலில், ஒரு வயதுப் பிரிவில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுதான் சரியான கேள்வி. அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த வில்லியம் ஓகிள் 1885-இல் வெளியிட்ட கணக்கில் 25 முதல் 65 வயது வரை உள்ள ஆண்கள் மட்டும் வருகிறார்கள். பாதிரியார்களின் இறப்பு விகிதத்தை 100 என்று வைத்தால் கத்தி, கத்தரிக்கோல் செய்தவர்களுக்கு 229, அரம் செய்தவர்களுக்கு 300, பீங்கான் தொழிலாளர்களுக்கு 314, மதுவிடுதிப் பணியாளர்களுக்கு 397. வெடிப்பும் மண்சரிவும் நடக்கும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கோ 160 தான்! குழந்தைகளின் சாவைக் கலந்திருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகக் கண்ணில் பட்டிருக்காது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 229 என்பதில் பல வேலைகள் கலந்திருக்கின்றன, முள்கரண்டிச் சாணைக்காரர் அதற்குள் மறைந்துபோகிறார். தெருவில் கூவி விற்றவர்களுக்கு 338 என்று இருக்கிறது. கடின வேலையில் உடம்பு கெட்டு, வேறு வழியில்லாமல் கூடை தூக்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களைக் கொன்ற தொழில் ஒன்று, பதிவில் எழுதப்பட்ட தொழில் வேறொன்று.

பதிவில் பெண்களின் நிலை இதைவிட மோசம். ஷெஃபீல்டில் பெண்களும் கையால் அரம் வெட்டினார்கள். அரத்தை ஈயக் கட்டையின் மேல் வைத்து, உளியால் ஒவ்வொரு பல்லாக வெட்ட வேண்டும். ஈயப்பொடி விரலில் ஒட்டும், அந்த விரல் வாய்க்குப் போகும். வயிற்றுவலி வரும், மணிக்கட்டு தொங்கிப்போகும். இப்படி இறந்த ஒரு திருமணமான பெண்ணைப் பதிவேட்டில் தேடினால், இன்னாரின் மனைவி என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 17 என்பது இறந்தவர்களின் சராசரி வயது, குழந்தைகளையும் சேர்த்தது என்ற விளக்கத்தை அதில் தயவுசெய்து வெளியிடுங்கள். கட்டுரையாளர் காலராவுக்கும் சாக்கடைக்கும் கொடுத்த இடத்தில் பாதியையாவது சாணைக்காரர்களுக்கும் அரம் வெட்டிய பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருச்சி