கயென் பார்க்கப் போகும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குப் பாலிடெக்னிக்கில் அவள் கேட்ட படிப்பே கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். தங்கச்சியிடமும் சொல்லிவிடு. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, தேக்கா மார்க்கெட் வரை தானே போய் வருகிறார்.

இனி நீ பழையதாக வாங்கப் பார்க்கும் போர்ஷே கயென் விஷயம். 2012-ல் பதிவான கயென் எஸ், 4.8 லிட்டர் வி8, சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமம், 2032 வரை புதுப்பித்தது, மீட்டரில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாய். முதலில் சாலை வரியைப் பார். 4,806 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5,210 சிங்கப்பூர் வெள்ளி. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு ஆண்டும் பத்து சதவீதம் கூடி, பதினான்கைத் தாண்டியதும் ஐம்பது சதவீதத்தில் நிற்கும். அப்போது வரி மட்டுமே ஆண்டுக்கு 7,800 வெள்ளி ஆகிவிடும். புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் (வண்டியைக் கழிக்கும்போது அரசு திருப்பித் தரும் தொகை) கிடையாது, இன்ஸ்பெக்‌ஷனும் ஆண்டுதோறும். டீலர் விலையை இறக்கிச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி பானெட்டுக்கு அடியில் இருக்கிறது.

மைலேஜ் குறைவு என்று நீ மகிழ்ந்திருக்கிறாய். நான் அதற்கு மதிப்பே தரமாட்டேன். இந்த வண்டியில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரும்பு அல்ல, பசையும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். நம் ஊர் வெயிலிலும் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலிலும் அவை ஓடாமலே கிழடாகும். பார்க்கப் போகும்போது பிவிஸ் என்ற போர்ஷே ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போய், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எடுக்கச் சொல். 1,20,000 கிலோமீட்டருக்கு 3,500 மணி என்றால் சராசரி வேகம் 34, இங்கே அது இயல்பு. 6,000 மணி என்று வந்தால் சராசரி 20. ஒன்று, ஏர்கானைப் போட்டு நின்ற இடத்திலேயே ஓடிய எஞ்சின். அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

முதல் கவலை கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். இந்த 4.8 எஞ்சினில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அலுமினியக் குழாய்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பல ஆண்டுச் சூட்டில் பசை விட்டுப்போனால், குழாய் கழன்று சில நொடிகளில் கூலண்ட் முழுவதும் சாலையில் கொட்டும். ஓட்டுபவர் சூட்டைக் காட்டும் ஊசியைக் கவனிக்காமல் அடுத்த எக்ஸிட் வரை போய்விட்டால் சிலிண்டர் ஹெட் போச்சு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துக் குழாய் ஹவுசிங்கில் நுழையும் வளையத்தைப் பார். இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப் படிவு இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. படிவு இல்லை என்பதற்காக நம்பிவிடாதே, ஒரு பார் அழுத்தம் கொடுத்துக் கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல். சரிசெய்ய ஹவுசிங்கைக் கழற்றி, குழாய்கள் கழலாமல் உலோக ஆணி (பின்) அடித்துப் பூட்ட வேண்டும், அல்லது வெல்டு செய்ய வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டு கழன்றிருக்கும் அந்த நேரத்திலேயே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட் மூன்றையும் மாற்றிவிடு. கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டு முறை கொடுக்காதே. எல்லாம் சேர்த்து 2,500 முதல் 4,000 வெள்ளி வரை வைத்துக்கொள்.

எஞ்சின் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டரின் போல்ட் தளர்ந்து முறிவதும் அந்தக் காலத்து வி8-இல் தெரிந்த கோளாறுதான். அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சாசிஸ் நம்பரைக் கொடுத்து போர்ஷே ஏஜென்டிடம் கேள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடு. அது முறிந்தால் பேச்சு ஐந்து இலக்கத்தில்தான்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த மாடலின் பெயரைக் கெடுத்ததே இதுதான். இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கி, வெடுக்கென்று இழுக்கும். கியர்பாக்ஸ் கோளாறு என்று சொல்லி அதைக் கழற்றவும் ஆள் இருக்கிறார்கள். உண்மையில் முன்சக்கரத்துக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் கிளட்ச் தகடுகள் சீராகப் பிடிப்பதில்லை. மல்டிஸ்டோரி கார்பார்க்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல வட்டமடித்துப் பார், விக்குகிறதா என்று தெரியும். எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். அதை மாற்றி ஸ்கேனரில் அடாப்டேஷனை (கிளட்ச் பிடிப்புக்குக் கம்ப்யூட்டர் பழகிவைத்த அளவுகளை) ரீசெட் செய்தால் பல வண்டிகள் சில மாதம் ஒழுங்காக ஓடும். விற்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேள். போன மாதம் மாற்றியது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று யோசி. முழு யூனிட் மாற்ற 5,000-இலிருந்து 8,000 வெள்ளி ஆகும். நான்கு டயரும் ஒரே பிராண்டா, தேய்மானம் ஒத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டினால் சக்கரங்களின் சுற்றளவு மாறி அந்தக் கிளட்ச் ஓயாமல் உழைத்துத் தேயும்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் விலையில் குறைத்துக் கேள். கயென் எஸ்ஸில் ஸ்பிரிங் வைத்ததும் வந்திருக்கிறது. கிடைத்தால் அதுதான் உனக்கு நல்லது. மாமியாரை ஏற்ற வண்டியைத் தாழ்த்தலாம் என்று டீலர் சொல்வார், ஒரு ஸ்டூல் வாங்கிக்கொடு. சோதனை சுலபம்: மாலையில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிவை, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அள. ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அந்த மூலையின் காற்றுப் பை உள்ள ஸ்டரட்டில் ரப்பர் வெடித்திருக்கிறது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரஸர் எரிந்துபோகும். ஸ்டரட்டைச் சரிசெய்யாமல் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதுவும் போய்விடும். கம்ப்ரஸரோடு ரிலேயையும் மாற்ற வேண்டும். வெளிச்சந்தை ஸ்டரட் ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல், ஒரிஜினலுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு.

இக்னிஷன் காயில் எட்டும் பிளக் எட்டும் சேர்த்து மாற்ற ஆயிரத்தைத் தாண்டும், பயப்பட ஒன்றுமில்லை. பிரேக்கும் அப்படித்தான், தேயும், மாற்றுவாய். சன்ரூஃப் வடிகாலைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டி என்றால் இலைத்துகள் குழாயை அடைத்து, மழைத்தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் போய் எலக்ட்ரானிக்ஸை அரிக்கும். முன்மூலையில் அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார், முன்சக்கரத்துக்குப் பின்னால் சொட்ட வேண்டும். அடைப்பிருந்தால் புல் வெட்டும் நைலான் கயிற்றை மெல்ல விடு. காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் மூட்டே கழன்றுவிடும்.

ரிப்பேரை எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் செய்துகொள்ளலாமே என்று கேட்டிருந்தாய். பிரேக், புஷ், எண்ணெய் மாதிரி அன்றே முடியும் வேலைக்குப் போகலாம், கூலி மிச்சம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் வண்டியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதியை மறந்துவிடாதே. இன்டேக் கழற்றும் வேலைக்கு வேண்டாம். பாகத்தின் விலையில் பெரிய வித்தியாசமில்லை, பாகம் வரும்வரை வண்டி அங்கேயே கிடக்கும், ஏதாவது தவறினால் எல்லைப் பாலமான காஸ்வேயைத் தாண்டி டோ செய்ய வேண்டும். காக்கி புக்கிட், ஊபி பக்கம் போர்ஷே மட்டுமே பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன, ஏஜென்டை விடக் கணிசமாகக் குறைவு.

வாங்குவது என்று முடிவெடுத்தால், விலைக்கு மேல் பத்தாயிரம் வெள்ளி தனியாக எடுத்துவை. அது முடியாவிட்டால் 2015-க்குப் பிந்தைய 3.6 வி6-ஐப் பார். டைமிங் கவரில் எண்ணெய் கசியும், டிரான்ஸ்ஃபர் கேஸ் தொல்லை அதிலும் உண்டு, பசைக் குழாய் அதில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள். ஆனால் அடிப்படைச் சாலை வரி 3,330 வெள்ளிதான்.

சனிக்கிழமை போகிறாய் என்றால், காலையில் முதல் ஸ்டார்ட்டை நீதான் செய்வாய் என்று டீலரிடம் இப்போதே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு.

அன்புடன்,
சேகர்