உன் ஒப்பந்தத்தை நான் படித்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

வீட்டுக் கடனுக்காக நீ அனுப்பிய காகிதங்களை அப்பா பேங்குக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது படிவம் 16 இல்ல சார், 16ஏ. உங்க பொண்ணு சம்பளத்துல இல்ல, தொழில் பண்றவங்க" என்று சொல்லியிருக்கிறான். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "பெங்களூர்ல அவ்ளோ பெரிய வக்கீல் ஆபீஸு, இன்னா இப்டி சொல்றான்" என்று வந்து உட்கார்ந்தார். அந்தக் காகிதக் கட்டுக்குள்ளேயே உன் ஒப்பந்தமும் இருந்தது. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ் பண்ணி, கோர்ட்டு வாசலில் காலமெல்லாம் டைப் அடித்தவள் கையில் காகிதம் கிடைத்தால் சும்மா விடுவேனா? பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன்.

அதன்படி நீ அந்த ஆபீஸின் ஊழியர் இல்லை. உன் சேவைக்கு மாதாமாதம் கட்டணம் தருகிறார்கள், அதில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு. பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த சீனியர் வக்கீல் ஐயாவை சத்துவாச்சாரியில் பார்த்தபோது கேட்டேன். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்று பார் கவுன்சிலின் 49-ஆம் விதி சொல்கிறது, அதனால் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், வைத்திருப்பவர்களைப் பல பெரிய ஆபீஸ்களில் இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்றார். சரி, ஏமாற்று வேலை இல்லை. ஆனால் ஊரெல்லாம் செய்கிறார்கள் என்பதற்காக அது உனக்குச் சாதகம் என்று ஆகிவிடாதே.

போன தடவை வந்தபோது நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும் முன் அதன் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் படித்து எங்கே சிக்கல் என்று குறிப்பு எழுதுவது. அவர்கள் சாஃப்ட்வேரில் பொதுவில் கிடைக்கும் புரோகிராம் எவ்வளவு கலந்திருக்கிறது, அதன் லைசென்ஸ் என்ன நிபந்தனை போடுகிறது என்று பார்ப்பது. நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிற மாதிரிதான் என்றாய், உடனே புரிந்துவிட்டது. அப்புறம் அந்த 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். தவறினால் 250 கோடி வரை அபராதம், அதனால் கம்பெனிகள் உங்களைத் தூங்க விடுவதில்லை என்றாய். ஆங்கிலமோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றோ, ஜனங்கள் கேட்கிற மொழியில், அவர்கள் தகவலை வாங்கும்போது தருகிற அறிவிப்பைப் படிக்க வசதி செய்ய வேண்டுமாமே. தமிழில் போடுவதை ஒருநாள் எனக்குக் காட்டச் சொல், கூலி வாங்காமலே பிழை பார்த்துத் தருகிறேன்.

அந்த ஆறு நிமிஷக் கணக்குதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்தக் கட்சிக்காரருக்குச் செய்த வேலை என்று எழுத வேண்டும் என்றாய். நாங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கினோம். பக்கம் முடிந்தால் டீ குடிக்கலாம். நீ டீ குடிக்கிற ஆறு நிமிஷத்தை யார் கணக்கில் எழுதுவாய்?

இப்படி ஊரார் ஒப்பந்தத்தையெல்லாம் சல்லடை போடுகிறவள், உன்னுடையதைப் படித்தாயா என்று கேட்டால் "எல்லாருக்கும் அதே ஃபார்மெட்தான்மா" என்கிறாய். "வழக்கமான வாசகம்தான், போடுங்க" என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், பிறகு பிராது அடிக்க என்னிடம் வந்து நின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போனஸ் பற்றிப் பெரிதாகச் சொன்னாயே, அது நிர்வாகத்தின் விருப்பப்படி என்றுதான் போட்டிருக்கிறது. நீ விலகினால் மூன்று மாத நோட்டீஸ், அவர்கள் விலக்கினால் ஒரு மாதம். தாளில் இருப்பதே கைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகிறது என்பதை நம்ம ஊர்க்காரிக்கா சொல்ல வேண்டும்? உன் ஆபீஸ் பார்ட்னர், நமக்கு வேலூர் என்றதும் கேட்டாரே, அந்த வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததற்காக 1991-ல் போட்டது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-ல். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைக் கொடுங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி வைத்ததற்கே இந்தக் கதி. வாயால் சொன்னதை எங்கே போய்க் கேட்பாய்?

இனி முக்கியமான விஷயம். கல்யாணத்துக்கு அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. விடுப்பு என்று ஒரு பத்தி இருக்கிறது, பிரசவம் பற்றி ஒரு எழுத்து இல்லை. 26 வாரம் என்று 2017-ல் சட்டம் கூட்டிக் கொடுத்தது வேலையில் இருக்கிற பெண்களுக்கு. நீ வேலையில் இல்லை என்றுதான் உன் கையெழுத்தே சொல்கிறது. நீ வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதம் வரை நான் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அடித்தால் காசு, அடிக்காவிட்டால் இல்லை. முதலாளியும் நான், கூலியும் நான், யாரைப் போய்க் கேட்பது? உனக்குக் கேட்க ஆள் இருக்கிறது. ஆபீஸில் தனியாக ஒரு விதி வைத்திருக்கலாம். இருந்தால் உனக்கும் பொருந்தும் என்று மெயிலில் எழுதித் தரச் சொல். இல்லையென்றால் உன்னோடு இருக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். "அப்போ பார்த்துக்கலாம்" என்பதை வாங்கிக்கொண்டு வராதே.

அப்பா இன்னும் முன்சீப் பரீட்சை, நீ ஜட்ஜ் ஆக வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும், அதற்குப் பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். உனக்கு அந்த எண்ணம் இல்லையென்றால் நீயே அவரிடம் சொல்லிவிடு, நடுவில் என்னை நிறுத்தாதே.

பிடித்த 10 சதவீதத்தோடு வரி முடிந்தது என்று இருந்துவிடாதே. வருஷம் முடியும் முன்பே தவணையாகக் கட்டுகிற முன்வரியை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் கட்ட வேண்டும். மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வழியில் போனால் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. எது லாபம் என்று ஆடிட்டரிடம் கேள். பி.எஃப். இல்லாததால் பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்று நீயே தொடங்கு. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் உன் பேரில் தனியாக ஒன்று எடு.

பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறுகிறான். இலவம்பாடி முள் கத்தரிக்காய் இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன், அதோடு நான் பென்சிலில் கோடு போட்ட உன் ஒப்பந்தமும் வரும். கோடு போட்ட இடங்களையாவது படி. ஆபீஸுக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று தயக்கமாக இருந்தால் சொல், வாசகம் நான் அடித்து அனுப்புகிறேன். இங்கிலீஷிலேயே.

அன்புடன்,
அம்மா