என் வலக்கையைக் காப்பாற்றியவர்களுக்கு

மும்பை தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் காலையில் இட்லி வாங்குகிறவர்களுக்கு என்னைத் தெரியும். வலது மார்பில் புற்றுநோய் என்றதும் எனக்கு இந்தக் கையைப் பற்றித்தான் பயம். மாவுக் குண்டானைத் தூக்குகிற கை, வீட்டுக்குச் சோறு போடுகிற கை.

முதலில் பார்த்த இடத்தில், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சு (உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டுகிற சின்னச் சின்ன உருண்டைகள்) எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஏன் என்று கேட்டேன்; பதில் வரவில்லை. எதிர்வீட்டு அக்காதான் விடவில்லை. அவர் நாத்தனாருக்கு அப்படி எடுத்த பிறகு, ரவிக்கைக் கை நுழையாத அளவுக்குக் கை வீங்கிப்போனது. "இன்னொரு டாக்டரையும் கேட்டுட்டு முடிவு பண்ணு" என்று பரேல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

அங்கே அக்குளைச் சோனோகிராபி ஸ்கேனில் பொறுமையாகத் தேடிய டாக்டருக்கு நன்றி. சந்தேகமாக எதுவும் தெரியவில்லை, ஆனால் இதை மட்டும் நம்பிவிட முடியாது என்றும் அவரே சொன்னார்.

சர்ஜன் அம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேருகிற ஓரிரு முடிச்சுகளை நீலச் சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்திக் கண்டுபிடிப்பார்களாம். நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் வரும். எனக்கு மூன்றை எடுத்தார்கள். ஒன்றில் நோய் இருந்தது.

இடிந்துபோய் உட்கார்ந்தேன். சர்ஜன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். என்னைப் போலச் சின்னக் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் மருந்தும் தருகிறவர்களில், ஒன்றிரண்டு முடிச்சில் மட்டும் நோய் இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம். அப்படி விட்டவர்களையும் எல்லாம் எடுத்தவர்களையும் பத்து வருஷம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2017இல் வந்தது. விட்டவர்களின் ஆயுள் குறையவில்லை. முழுக்க எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும். மூன்றோ அதற்கு மேலோ என்றால் பேச்சே வேறு என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் மற்ற முடிச்சுகளை விட்டுவிட எனக்குத் தைரியம் கொடுத்தது.

நீலச் சாயத்தால் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீங்க என்று முன்னாலேயே சொல்லிவைத்த நர்ஸ் தங்கச்சி, சுவரில் விரல்களை ஏறவிட்டுக் கையை மேலே தூக்கப் பழக்கிய பிசியோதெரபி தம்பி, கதிர்வீச்சுக்கு 15 நாளும் காசு வாங்காமல் கூட்டிப்போன டாக்ஸி அண்ணன், என் கிரைண்டரைச் சும்மா விடாமல் மாவாட்டி வியாபாரத்தை நடத்திய சந்துப் பெண்கள், எல்லாரையும் கும்பிடுகிறேன்.

இப்போது பாதிக் குண்டான் தூக்குகிறேன். வருகிற திங்கட்கிழமை கடையில் நானே நிற்பேன். முதல் ஈடு எதிர்வீட்டு அக்காவுக்கு.