சபையின் ஆண்டறிக்கை: அத்யயனமும் அறுதொழிலும்

தலைவர் அவர்களுக்கும், பாடசாலை வாத்தியார்களுக்கும், சபை அங்கத்தினர்கள் அனைவருக்கும் நமஸ்காரம். விசுவாவசு ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இதில் அத்யயனமும் (வேதம் ஓதிக் கற்பது) அனுஷ்டானமும் (நித்திய கர்மங்களைச் செய்வது) மட்டுமே.

நம் பாடசாலையில் நடப்பது கிருஷ்ண யஜுர்வேதம், அதில் தைத்திரீய சாகை (கிளை). முதற்பகுதியான ஸம்ஹிதை 7 காண்டம், 44 பிரச்னம் (அத்தியாயம் போன்ற பிரிவு), அடுத்த பகுதிகளான பிராமணம் 28, ஆரண்யகம் 10, ஆக 82 பிரச்னம். மூலம் முடிக்கவே ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். பார்க்க வரும் பெற்றோர் "எத்தனை பிரச்னம் ஆயிற்று?" என்று கேட்கிறார்கள். ஆனதில் எத்தனை நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. சபை கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

சந்தை முறை எல்லோரும் அறிந்தது: வாத்தியார் ஒரு தடவை சொன்னால் பையன் இரண்டு தடவை சொல்ல வேண்டும். பிறகு திருவை, அதாவது அதே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிய வைப்பது. சீக்கிரம் மேலே போக வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் குறைவது இந்தத் திருவைதான். விளைவு உடனே தெரியாது. அடுத்த காண்டம் பாதி ஆகும்போது பழைய காண்டம் உதிர்ந்திருக்கும்.

உதிர்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஐம்பது பதம் கொண்ட பஞ்சாதியின் நடுவில் பையன் தடுமாறுவது குறைவு. ஒரு பஞ்சாதி முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில்தான் விழுவான், ஏனென்றால் தினமும் அங்கேதான் நிறுத்தி மூச்சு வாங்கியிருக்கிறான். முந்தைய பஞ்சாதியின் கடைசி வாக்கியத்திலிருந்து திருவை தொடங்கினால் மூட்டு இறுகும். இதைக் காவல் காக்க முன்னோர் வைத்த ஏற்பாடும் இருக்கிறது. ஸம்ஹிதையின் முதல் அனுவாகம் (பிரச்னத்தின் உட்பிரிவு) 'இஷே த்வா' என்று தொடங்கும்; முடிந்ததும் 'இஷே த்ரிசத்வாரிக்ம்சத்' என்று சொல்கிறோம். 'இஷே' என்று ஆரம்பித்த அனுவாகத்தில் 43 பதம் என்று கணக்கு ஒப்படைக்கிறோம். ஒரு பதம் விட்டிருந்தால் கணக்கு இடிக்கும். இந்தக் கணக்கு வாக்கியங்களைப் பாராயண நேரத்தை மிச்சப்படுத்தச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். நம் பாடசாலையில் விடக்கூடாது.

எழுத்து விஷயம். தமிழில் அச்சான புத்தகங்களில் க, ட, த, ப ஒவ்வொன்றும் நான்கு ஒலிக்கு நிற்க வேண்டியிருக்கிறது; அதனால் மேலே 1, 2, 3, 4 என்று எண் போடுகிறார்கள். வேகத்தில் அந்த எண்ணைக் கண் தாண்டிவிடும். நான்காம் 'ப' மூன்றாம் 'ப' ஆகிவிடும், வயிற்றிலிருந்து வர வேண்டிய காற்று உதட்டோடு நின்றுவிடும். ஆகவே முதல் ஆண்டில் கையில் புத்தகமே வேண்டாம் என்ற வாத்தியார்களின் கருத்தைச் சபை ஏற்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து கிரந்தமோ தேவநாகரியோ பழகட்டும். உச்சரிப்பு நூலான பாணினீய சிக்ஷை கீழான பாடகர் என்று ஆறு பேரைச் சொல்கிறது: பாட்டாகப் பாடுபவன், அவசரக்காரன், தலையை ஆட்டுபவன், எழுதியதைப் பார்த்துப் படிப்பவன், பொருள் அறியாதவன், குரல் குன்றியவன். கைபேசிப் பதிவைக் கேட்டுக் கற்பவர்களிடம் இதில் முதல் இரண்டு குறை நிச்சயம் வருகிறது, ஏனென்றால் ஸ்வரம் தப்பினால் கைபேசி நிறுத்தித் திருத்தாது.

பதங்களை முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்லும் கனம் வரை போகும் பையன்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் கனத்தை ஏன் விடக்கூடாது என்று அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நல்லது. 'கணானாம் த்வா கணபதிம்' என்ற மூன்று பதத்தை ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று சொன்னால் 13 உச்சரிப்பு. 'கணானாம்' என்பதன் இறுதி மகரம் 'த்வா'வுக்கு முன் 'ன்' போல ஒலிக்கும். அடுத்து மீண்டும் 'கணானாம்' என்றே வரும்போது 'ங்' ஆகும். ஒரே பதம் இப்படி முன்னும் பின்னும் வேறு வேறு அண்டையோடு வருவதால், எங்கேயாவது ஓர் எழுத்து கெட்டிருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அனத்யயன நாட்கள் குறித்து வார இறுதி வகுப்பினர் கேட்டிருந்தார்கள். பிரதமை, அஷ்டமி, சதுர்தசி, பௌர்ணமி, அமாவாசை என மாதத்தில் எட்டு நாள் வேதப் பாடம் கிடையாது. ஞாயிறு அப்படி அமைந்துவிட்டால் வகுப்பை ரத்து செய்யத் தேவையில்லை. அன்று சந்த்யாவந்தனப் பிரயோகமும் மந்திரார்த்தமும் சமஸ்கிருதமும் நடத்தலாம். பிரதமையில் படிப்பவனின் வித்தை போலச் சீதை இளைத்திருந்தாள் என்று அனுமன் சொல்வதாக ராமாயணத்திலேயே உவமை இருக்கிறது. விதிவிலக்கு கேட்பவர்கள் அதை நினைத்துக்கொள்ளவும்.

கூட்டுப் பாராயணத்தில் இந்த ஆண்டும் சாகைகள் கலந்தன. புருஷ ஸூக்தம் ரிக்வேதத்தில் 16 மந்திரம், நம் ஆரண்யகத்தில் 18. ரிக்வேதிகள் 'பசூன் தாம்ஸ் சக்ரே' என்பதை நாம் 'பசூக்ம்ஸ் தாக்ம்ஸ் சக்ரே' என்கிறோம். இரண்டும் சரி, சேர்த்துச் சொன்னால் இரண்டும் கெடும். இனி தனித்தனிக் கோஷ்டியாக அமரலாம். ஸாமவேதிப் பையன் சேர வந்தால் வசதிக்காக யஜுஸ் சொல்லிவைக்காமல் ஸாமப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரின் கல்லூரியில் ரிக்குக்கு 75 மாணவர், யஜுஸுக்கு 75, தலவகார ஸாமத்துக்கு (ஸாமவேதத்தின் ஒரு சாகை) 20, அதர்வத்துக்கு 10 என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். சிறு சாகை தானாகப் பிழைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கத்தினர் இல்லங்களுக்கு வருகிறேன். ஓதல், ஓதுவித்தல், வேட்டல் (வேள்வி செய்தல்), வேட்பித்தல் (வேள்வி செய்வித்தல்), ஈதல், ஏற்றல் என்று ஆறு தொழில். இவற்றில் ஓதுவித்தல், வேட்பித்தல், ஏற்றல் மூன்றும் ஜீவனத்துக்கு. மற்ற மூன்றும் கடமை. உத்தியோகத்தில் இருக்கும் நாம் ஜீவனத்துக்கான மூன்றையும் விட்டதில் குற்றமில்லை. கடமையான மூன்றையும் சேர்த்து விட்டுவிட்டு, பிறப்பைச் சொல்லி மரியாதை எதிர்பார்ப்பதுதான் பொருந்தவில்லை. குறைந்தபட்சம் சந்த்யாவந்தனம்: அர்க்யம் (சூரியனுக்கு நீர் விடுதல்) காலை மூன்று, மத்தியானம் இரண்டு, மாலை மூன்று, காலம் தப்பினால் பிராயச்சித்தமாக ஒன்று கூடுதல். மாலை அர்க்யம் சூரியன் மறையும் முன். அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்குத் திரும்புகிறவர் பிராயச்சித்தத்தோடாவது செய்யட்டும், அடியோடு விட வேண்டாம். உபநயனத்தைக் கர்ப்பத்திலிருந்து எட்டாம் ஆண்டில் செய்யாமல் கல்யாணத்துக்கு முதல்நாள் வரை தள்ளுவது இன்னும் குறையவில்லை. அந்தப் பிள்ளைக்கு அத்யயன வயதே கிடையாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது ஒன்றுதான். புதிய கட்டடத்தை ஒத்திவைத்து, படித்து வெளியேறிய வித்யார்த்திகளை மாதம் ஒருமுறை இருவர் இருவராக உட்கார வைத்துப் பாராயணம் செய்விக்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருத்துவார். சம்பாவனை (சன்மானம்) இருவருக்கும் சமம். புரோகிதத்துக்குப் போனவர்களுக்கு நாள்தோறும் வாயில் வருவது விவாகமும் ச்ராத்தமும். அவற்றில் வராத காண்டங்கள் கேட்பாரில்லாமல் போகின்றன.

ஆவணிப் பௌர்ணமி யஜுர் உபாகர்மாவுக்கு (பூணூல் மாற்றி வேத பாடம் தொடங்கும் சடங்கு) வருவோர் பஞ்சபாத்திரம், உத்தரணி, எள், அட்சதை, புதுப் பூணூல் கொண்டுவரவும். தையில் உத்ஸர்ஜனம் (வேத பாடத்தை நிறுத்திவைக்கும் சடங்கு) செய்யாததற்கான காமோகார்ஷீத் ஜபம் முதலில் நடக்கும். தாமதமாக வருகிறவர்களுக்காக மகாசங்கல்பம் (சடங்கின் தொடக்க உறுதிமொழி) மறுபடி சொல்லப்பட மாட்டாது.

செயலாளர்