நாய் பிஸ்கட் சுட்டால் வாரண்டி கிடையாதா?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு.

பொருள்: 48 லிட்டர் மின்சார ஓவனின் வெப்பக் கோளாறு, பழுது பார்க்க மறுத்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் இராஜபாளையத்தில் இருக்கிறேன். நாய்க்குப் பேர்போன ஊர். குட்டி வாங்க வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் நம்பி, வீட்டிலேயே நாய் பிஸ்கட் சுட்டு விற்கத் தொடங்கினேன். அதற்காகவே பொங்கல் தள்ளுபடியில் உங்கள் ஓவனை வாங்கினேன். வாரண்டி இரண்டு வருடம்.

நாய் பிஸ்கட் என்றதும் உங்கள் மெக்கானிக் தம்பி சிரித்தார். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கேழ்வரகு மாவு, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை, கோழி ஈரல், இவ்வளவுதான் சேர்மானம். சர்க்கரை போடுவதில்லை, உப்பும் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. நாம் சாப்பிடும் பிஸ்கட்டில் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் சீக்கிரம் கெடாது. இதில் அந்த வசதி கிடையாது. ஈரம் முழுக்க வெளியேறினால்தான் தாங்கும். அதனால் முதலில் 160 டிகிரியில் 25 நிமிடம் சுட வேண்டும், அப்புறம் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்த வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஓவனே.

அந்த 100 டிகிரிதான் உங்கள் ஓவனில் வரவே மாட்டேன் என்கிறது. முதல் மூன்று மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஓரங்கள் கருகத் தொடங்கின. கருகுகிறதே என்று சீக்கிரம் எடுத்தால் உள்ளே பிசுபிசுப்பு. நான் மாவைச் சந்தேகப்பட்டேன், கிழங்கைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன். ஒரு வாடிக்கையாளர் நான்காம் நாள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே பூஞ்சணம். நல்லவேளை, நாய்க்குப் போடும் முன்பே பார்த்துவிட்டார். பூஞ்சணம் பிடித்த தீனி நாயைப் படுக்க வைத்துவிடும்.

அன்றைக்கே ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். வெப்பக் குமிழை 100-இல் வைத்தால் உள்ளே 138 முதல் 145 வரை ஏறுகிறது. 160-இல் வைத்தால் 204 காட்டுகிறது. மூன்று நாள் பார்த்து நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்பதைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இனி என் புகார். வீட்டுக்கு வந்த மெக்கானிக் தெர்மாமீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து கையை நீட்டி, "சூடு வருதே மேடம், நல்லாத்தான் இருக்கு" என்றார். என்ன சுடுகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். உடனே சர்வீஸ் தாளில் "வணிகப் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது" என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்லாத்தான் இருக்கிறது என்றால் வாரண்டிப் பேச்சு எதற்கு? தொலைபேசியில் பேசிய பெண், "பெட் ஃபுட் எல்லாம் வராதுங்க" என்றார். ஓவனுக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியுமா என்ன?

"வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓவன் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பெண் கேக்கோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "வீட்டிலிருந்தே பேக்கரி தொடங்குங்கள்". அந்தப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. இத்தனைக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் சுடுகிறேன்.

சட்டத்தையும் படித்துவிட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் பாருங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று இருக்கிறது. எனக்கு ஆள் அம்பு எதுவும் இல்லை. மாவு பிசைவதிலிருந்து பாக்கெட் ஒட்டுவது வரை நான் ஒருத்திதான். இந்த வருமானத்தில்தான் வீடு நடக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான். தெர்மோஸ்டாட்டைக் கட்டணம் இல்லாமல் மாற்றித் தாருங்கள், மாற்றியதும் என் முன்னால் தெர்மாமீட்டர் வைத்துக் காட்டுங்கள். அது முடியாதென்றால் வேறு ஓவன் தாருங்கள். குப்பையில் கொட்டிய நான்கு ஈட்டு பிஸ்கட்டுக்கான பொருள் செலவு 2,340 ரூபாயையும் தர வேண்டும். சர்வீஸ் தாளில் எழுதியதை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பில், சர்வீஸ் தாள், வெப்ப அளவுக் குறிப்பு, அட்டைப்பெட்டியின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பூஞ்சணம் பிடித்த பாக்கெட்டும் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் அதையும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
இராஜபாளையம்.