'நடிக்கிறாள்' என்று சொல்லும் முன்: டர்பன் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் கோயில்களின் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டுகிறவர்களில் பார்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டு. நான் இங்கே பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். கோயில் வாசல் பேச்சு என் காதுக்கும் வருகிறது. "வீட்டில் நாலடி வைக்க முடியாதாம், காவடிக்குப் பின்னால் அவ்வளவு தூரம் நடந்தாளே, எல்லாம் நடிப்பு!" அதே நடையைப் பார்த்த இன்னொருவர், "முருகன் குணப்படுத்திவிட்டான், இனி மாத்திரை எதற்கு?" என்கிறார். எனக்கு இரண்டாவது பேச்சுதான் அதிகப் பயம். பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடல் இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த அம்மாவை நடக்க வைத்தது மேளம். பார்கின்சனில், அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால், தானாக வரவேண்டிய நடை தடைப்படுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தாலோ, தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தாலோ பலருக்குக் கால் எழும்பிவிடும். நாங்கள் இதைச் சிகிச்சையாகவே செய்கிறோம். மேளம் நின்றதும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்வதும் அதே நோய்தான்.

சிக்கல் இனிமேல்தான். செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. பார்கின்சனைப் போலச் செல்கள் அழிவதில்லை. மூளை உடலை இயக்கும் விதம் தடம் மாறுகிறது. நடுக்கம், கால் பலவீனம், வலிப்பு மாதிரியான துடிப்பு எல்லாம் வரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கவனம் அதன்மேல் இருந்தால் கூடும், வேறு பக்கம் திரும்பினால் குறையும். ஒரு கையால் நாங்கள் சொல்லும் தாளத்தில் தட்டச் சொன்னால், மற்றக் கையின் நடுக்கம் நின்றுபோகும், அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடும். பார்கின்சன் நடுக்கம் பொதுவாக அப்படி மாறாது. மனக்கணக்குப் போடச் சொன்னால் அது இன்னும் கூடும். இப்படிச் சோதித்துத்தான் நரம்பியல் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். (ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று கைவிரிக்கிற மருத்துவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை தனி.) அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையில், மன அதிர்ச்சி ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. ஆகவே "மருமகளோடு சண்டையா?" என்று துருவுவதை விட்டுவிடுங்கள்.

இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். சிலருக்குச் செயல்பாட்டுக் கோளாறு முதலில் வந்து, பார்கின்சன் பிறகு தெரியவரும். ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் விவரித்த நோய்க்கு அவர் பெயர் நிலைக்கக் காரணமான பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோதான், பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இந்தச் செயல்பாட்டுக் கோளாற்றையும், அன்று ஹிஸ்டீரியா என்று அழைக்கப்பட்ட பெயரில், ஆராய்ந்தார். ஆனாலும் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவது இன்றும் நடக்கிறது. செயல்பாட்டு நடுக்கத்தைப் பார்கின்சன் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், நடுக்கம் குறையாது, பக்கவிளைவுதான் மிஞ்சும். அதற்குத் தேவை நோயாளிக்குப் புரியும்படியான விளக்கமும் அதற்கென்றே அமைந்த பிசியோதெரபியும்.

சாமி வந்து ஆடுவதை நான் குறை சொல்லவில்லை. என் அத்தைக்கும் வரும். பூசை முடிந்த பிறகும் நிற்காத நடுக்கமென்றால், விபூதி பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவையுங்கள்.

காவடி நாளில் பார்கின்சன் உள்ளவர் மாத்திரையை அவருடைய நேரத்துக்கே விழுங்கட்டும், விரதம் முறியாது என்று பூசாரி ஐயா வாயால் சொல்லவேண்டும். பருப்பும் பயறும் மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது. அரை மணி நேரம் முன்பே எடுப்பது நல்லது. ஊர்வலப் பாதையில் சில நாற்காலிகளும் வேண்டும்.

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எனக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டிமார்களுக்குத் தமிழிலும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் பேசுகிறேன். மேளக்காரர் ஒருவரும் கூட இருந்தால் நடைப் பயிற்சியை அங்கேயே காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்